திருவொற்றியூர் யந்திரமும் அதன் சாட்சிகளும்

திருவொற்றியூர் தியாகராஜப் பெருமான் ஆலயத்தில் ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை என்னும் உற்சவம் நடைபெறுகிறது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டிய வேளையில் இறைவன் சந்நிதியில் இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டார் என்றும், இறைவனோ அந்த மகிழின் கீழேயே சத்தியம் வாங்கிக்கொள்ளுமாறு சங்கிலியாருக்கு அறிவித்துவிட்டான் என்றும், பின்னர் அந்தச் சத்தியத்தை மீறி ஊரின் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. சாட்சியைத் தம் சௌகரியத்துக்கு ஏற்ப இடம் மாற்றி வைக்க முயன்றவருக்கும் அந்தச் சாட்சி வசப்படவில்லை. அதே ஊரில் உருவாகி, இன்று உலகெங்கும் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளின் சரித்திரத்தை எழுதப் புகும்போது எனக்கு இந்த மகிழ மரமே முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் அந்த யந்திரத்தின் கீர்த்தியும் பெரும்பாலும் சாட்சிகளால் உண்டானதுதான்.

வடசென்னைக் கரையில் வியாபாரம் செய்தவர்கள் சாட்சியின் மதிப்பை அறிந்தது நேற்று இன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் சென்னைக்கு முறையான துறைமுகம் கிடையாது; 1876-இல் தொடங்கப்பட்ட அலைதடுப்புச் சுவர்களையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்துப் போட்டது. அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அப்படி வந்திறங்கும் புதிய துரையின் முன்னால், துபாஷிகள் என்றும் பட்லர்கள் என்றும் வழங்கப்பட்டவர்கள், தாங்கள் முன்பு ஊழியம் செய்த துரைமார் எழுதிக்கொடுத்த நற்சான்றுச் சீட்டுகளைக் கட்டாக நீட்டுவார்கள். முன்பின் அறியாத ஊரில் அடியெடுத்து வைக்கும் மனிதனுக்கு, எதிரே நிற்பவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஆயிரம் வார்த்தைகளைக் காட்டிலும், அவனிடம் சம்பந்தப்பட்டு மீண்ட இன்னொருவன் எழுதிய நாலு வரி பெரிதாகப்பட்டது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத சிலர், தம்மை இகழ்ந்து எழுதிய சீட்டையே புகழ்ச்சி என்று நம்பிப் பெருமையோடு நீட்டிய கதைகளும் சொல்லப்படுகின்றன. சீட்டு யாருடைய கையில் இருந்தாலும் அதில் உள்ள வார்த்தை எழுதியவனுடையதே.

பின்னர் அச்சு யந்திரம் வந்து பத்திரிகைகள் பெருகியபோது, சீட்டு ‘நற்சாட்சிப் பத்திரம்’ என்ற பெயரோடு விளம்பரப் பக்கத்தில் ஏறிற்று. தைலமும் லேகியமும் மாத்திரையும் விற்றவர்கள், அவற்றை உபயோகித்துக் குணமடைந்ததாகச் சொன்னவர்களின் கடிதங்களை ஊர்ப் பெயரோடும் உத்தியோகப் பெயரோடும் அச்சிட்டார்கள். அவற்றில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. வாசகனுக்குப் பிரித்தறிய வழியில்லாமல் போகவே, அந்தப் பத்திரங்கள் நாளடைவில் மதிப்பிழந்தன.

இனி யந்திரத்தின் கதைக்கு வருகிறேன். ராயபுரத்தில் 1856-இல் ரயில் நிலையம் திறக்கப்பட்ட நாள்முதல், கடலை ஒட்டி வடக்கே நீளும் அந்த மணற்பாங்கான நிலம் மெல்ல மெல்லத் தொழிற்சாலைகளின் பூமியாயிற்று. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சி பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். என்னும் பெரும் டயர் ஸ்தாபனமாயிற்று. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் எழுந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்துவந்த ராயல் என்ஃபீல்டின் வண்டிகளை, கே. ஆர். சுந்தரம் ஐயர் நிறுவிய மெட்ராஸ் மோட்டார்ஸ் 1949 முதல் இறக்குமதி செய்து விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய ராணுவம் அந்தக் கம்பெனியின் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழும்பிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த வண்டிகள் இங்கே பூட்டப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே முடிவுக்கு வந்தது. தாய்வீட்டில் அணைந்துபோன அடுப்பு திருவொற்றியூரில் எரிந்துகொண்டிருந்தது. 1977-இல் இங்கிருந்து அதே இங்கிலாந்துக்குப் புல்லட் கப்பலேறியதை வடசென்னை எண்ணிப் பெருமைப்படலாம்.

அந்தக் காலத்துப் புல்லட்டை வாங்குவது ஒரு காரியம். ஓட்டத் தெரிந்துகொள்வது வேறொரு காரியம். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கிக்கரை எடுத்த எடுப்பில் மிதித்தால் அது திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். ஆம்பியர் முள் நடுவில் வந்து நிற்கும் இடம் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரை அழுத்திப் பிஸ்டனை ஒரு நூல் தாண்டவிட்டு, பிறகு கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் முழுதாக மிதிக்க வேண்டும். இந்த வித்தை புத்தகத்தைப் படித்து வருவதன்று. முன்பே வண்டி வைத்திருந்த ஒருவர் வாசலில் நின்று, ‘இப்படி இல்லை தம்பி, முள்ளைப் பார்’ என்று சொல்லிக்கொடுத்து வந்தது. எந்தப் பாகம் எப்போது தளரும், எந்த இடத்தில் எண்ணெய் கசியும், ஜி.பி. ரோட்டில் எந்த மெக்கானிக்கின் கை ராசியானது, புதுப்பேட்டையில் எந்தக் கடையில் பழைய சாமான் கிடைக்கும் என்பதெல்லாம் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகக் கொடுத்துக்கொண்ட ஆஸ்தி. கம்பெனி ஒரு காசு செலவிடாமல் அதன் வண்டிக்கு இப்படி ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் கிடைத்தார்கள். வண்டியின் குறைகளே சொந்தக்காரர்களை ஒன்றுசேர்த்தன என்று சொன்னாலும் தவறில்லை. குறையே இல்லாத வண்டியை வாங்கியவனுக்கு அண்டை வீட்டுக்காரனிடம் பேச என்ன இருக்கிறது?

போலீஸ்காரரும் பட்டாளத்தாரும் ஊர்ப் பெரிய மனிதரும் ஏறிவந்த அந்த டப்டப் சத்தம், 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு இலேசான 100 சி.சி. வண்டிகள் வந்தபோது அமுங்கத் தொடங்கிற்று. பெட்ரோல் குறைவாகக் குடித்து, உதைத்ததும் ஓடும் வண்டி கிடைக்கும்போது குடும்பஸ்தன் வேறென்ன செய்வான்? 1990-இல் ஐஷர் குழுமம் உள்ளே வந்தது. 1994-இல் என்ஃபீல்டு இந்தியா ராயல் என்ஃபீல்டு ஆயிற்று. இருந்தும் 2000-ஆம் ஆண்டில் சித்தார்த்த லால் என்னும் இளைஞர் பொறுப்பேற்றபோது மாதத்துக்குச் சுமார் இரண்டாயிரம் வண்டிகளே விற்றன. ஜெய்ப்பூரில் இருந்த ஆலையை மூட நேர்ந்தது. திருவொற்றியூரின் கதி என்னவாகுமோ என்று அப்பகுதித் தொழிலாளர் குடும்பங்கள் கலங்கிய காலம் அது.

ஆலைக்குள் இப்படி இருக்க, ஆலைக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1997-இல் புல்லட் ஓட்டிகள் நாற்பது பேர் டில்லியிலிருந்து புறப்பட்டு லடாக்கின் கார்டுங் லா கணவாய் வரையில் ஏறினார்கள். மூச்சு முட்டும் உயரத்தில், பிராணவாயு குறைந்து என்ஜின் திணற, வண்டியைத் தள்ளியும் கட்டியும் ஏற்றிக்கொண்டு போன இவ்விதப் பிரயாணங்களின் விவரங்களை, போய்வந்தவர்கள் படச்சுருளிலும் குறிப்புப் புத்தகத்திலும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சென்னையில் மெட்ராஸ் புல்ஸ், பெங்களூரில் ரோலிங் தண்டர் என்று ஊருக்கு ஊர் சங்கங்கள் தோன்றின. அவற்றை எந்தக் கம்பெனியும் கட்டளையிட்டு நிறுவவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு டீக்கடையில் கூடி, பத்துப் பதினைந்து வண்டிகளாகப் புறப்பட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிய மனிதர்களின் அபிமானமே அவற்றுக்கு முதலீடு.

ராஜஸ்தானத்தில் பாலி மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு புல்லட் மாலை மரியாதையோடு வழிபடப்படுகிறது. விபத்தில் இறந்த இளைஞர் ஒருவரின் வண்டி, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகும் தானே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பி வந்தது என்பது அவ்வூர் ஜனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஆராய்வது என் வேலையன்று. விளம்பரம் எழுதுகிறவர் எவரும் கற்பனை செய்யத் துணியாத ஒரு கதையை உபயோகித்தவர்களே உண்டாக்கிக் காப்பாற்றி வருகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த அபிமானம் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த வேளையில்தான் சமூக ஊடகம் என்னும் காற்று வீசிற்று. முதலில் ஆர்குட், பிறகு முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம். ஆல்பத்தில் ஒட்டிப் பத்துப் பேருக்குக் காட்டிய படத்தைப் பத்தாயிரம் பேருக்கு ஒரு நொடியில் காட்ட முடிந்தது. பாங்காங் ஏரிக்கரையில் நிறுத்திய வண்டி, பனியில் புதைந்த சக்கரம், தனுஷ்கோடி மணலில் சாய்ந்த நிழல், அப்பாவின் 1970-களின் புல்லட்டைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டும் மகள் என்று ஒவ்வொரு படமும், ‘நான் போனேன், இந்த வண்டி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது’ என்ற பிரத்தியட்சச் சாட்சி. விளம்பரத்தில் வரும் நடிகர் அந்த வண்டியைச் சொந்தப் பணத்தில் வாங்கினாரா என்பது யாருக்கும் தெரியாது. படம் போட்டவன் வாங்கியிருக்கிறான், தவணை கட்டுகிறான், வழியில் நின்றுபோனால் தள்ளியும் இருக்கிறான். அவன் தன் நண்பர்களுக்கு முன்னால் பேசுகிறான். பொய் சொன்னால் அவனுடைய முகம்தான் கறுக்கும். அந்தப் பிணையைத்தான் பார்க்கிறவர்கள் நம்புகிறார்கள்.

கம்பெனிக்கு இதனால் நேர்ந்த நன்மைகளை வியாபாரக் கண்கொண்டு பார்த்தாலும் அவை அற்பமல்ல. படம் பிடிக்கும் செலவும், பத்திரிகையில் இடம் வாங்கும் செலவும் மிச்சம். எந்த ஊரில் எவ்வகை மனிதர் வண்டியை எதற்கு உபயோகிக்கிறார், சொந்தமாக எதை மாற்றிப் பூட்டிக்கொள்கிறார், எதைக் குறித்து முறையிடுகிறார் என்ற செய்தி கேளாமலே வந்து சேர்கிறது. இமாலயப் பிரயாணத்தையும் வருடாந்தரக் கூட்டங்களையும் பின்னாளில் கம்பெனியே ஏற்று நடத்தலாயிற்று. 2016-இல் வந்த வண்டிக்கு ‘ஹிமாலயன்’ என்றே பெயரிட்டது. ஓட்டிகள் எழுதிய கதையை ஆலை வாசித்து, அதற்கு ஏற்ற யந்திரத்தைச் செய்தது என்று இதை நான் கொள்கிறேன். ஆயினும் விற்பனை முழுவதும் படங்களால் பெருகிற்று என்று சொன்னால் அது பிழை. எண்ணெய் கசிந்த பழைய என்ஜினை மாற்றிப் புதியதை வைத்ததும், 2009-இல் கிளாசிக் வண்டியை விட்டதும், 2013-இல் ஒரகடத்தில் பெரிய ஆலை திறந்ததும் இல்லாமல் அந்தப் பெருக்கம் இல்லை. 2010-இல் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம் விற்ற வண்டி 2014-இல் மூன்று லட்சத்தைத் தாண்டிற்று. 2024-25 நிதியாண்டில் பத்து லட்சத்தைக் கடந்தது. நல்ல என்ஜின் இல்லாதிருந்தால் அதே கைபேசிகள் நடுவழியில் நின்ற வண்டிகளையல்லவா படம் பிடித்திருக்கும்?

2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் வண்டிகள் வீட்டிலேயே நின்றபோது, மோட்டார் சைக்கிளைப் பொருளாக வைத்துச் சித்திரம் வரைந்து அனுப்புமாறு ராயல் என்ஃபீல்டு பொதுஜனங்களை அழைத்தது. தேர்ந்தெடுத்த சித்திரங்கள் சட்டைகளில் அச்சேறின. அமெரிக்காவில் கோப்ரோ என்னும் காமிரா கம்பெனி 2018 முதல், தன் புதிய காமிராவில் உபயோகிப்பவர்கள் எடுத்தனுப்பும் காட்சிகளைத் தொகுத்தே விளம்பரப் படம் செய்து, பத்து லட்சம் டாலரைத் தேர்வானவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டது. கேட்டு வாங்குவதும் பங்கு கொடுப்பதும் எனக்கு உகந்த முறைகள். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தானாக எடுத்த படம் எடுத்தவனுடைய சொத்து. தன் பொருள் அதில் இருக்கிறது என்பதனால் மட்டும் வியாபாரி அதை எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொள்ள முடியாது. கூலி வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்கள் அதை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கழகம் 2021-இல் விதி வகுத்தது. நற்சாட்சிப் பத்திரங்களுக்கு நேர்ந்த கதி இந்தப் படங்களுக்கும் நேராதிருக்க இந்த விதியை எல்லோரும் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

உபயோகித்தவர்களின் சாட்சி பெரிய ஆலைக்கு மட்டும் உரிய பாக்கியமன்று. பர்மாவில் 1962-க்குப் பின் நேர்ந்த மாறுதல்களால் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டியும் ராயபுரம், வியாசர்பாடி வட்டாரங்களிலும் அத்தோ கடைகள் வைத்தார்கள். நூடுல்ஸோடு முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக் கொடுக்கும் அந்தத் தள்ளுவண்டிக்காரர் ஆயுளில் ஒரு விளம்பரமும் செய்ததில்லை. தின்றவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்தார்கள். காசிமேட்டு மீன் ஏலத்தை அதிகாலையில் பார்க்க வருகிறவர்கள் பெருகியதும் இவ்வகையிலேயே.

ஆனால் அதே கைபேசி அதே கரையில் வேறு சாட்சியும் சொல்லிற்று. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. முதலில் சொற்ப அளவே என்று சொல்லப்பட்டது. மீனவர்களும் தொண்டர்களும் வாளியால் கருங்குழம்பை அள்ளும் படங்கள் நாடெங்கும் பரவிய பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தபோதும், படகும் வலையும் கறுத்துப்போனதை முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் அங்கே தொழில் செய்கிற மீனவரே. புகழும் படத்தை மட்டும் வரவேற்று, முறையிடும் படத்தை அடக்கப் பார்க்கும் தொழில்காரர்கள் மகிழ மரத்தின் கதையை ஒருமுறை கேட்டறிவது நலம்.

என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒரு குறை இருக்கிறது. புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டைத் திருவொற்றியூர் ஆலையில் கையாலேயே தீட்டினார்கள். அளவுகோலும் அச்சும் இல்லாமல், மெல்லிய தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்து, இடமும் வலமும் மயிரிழை பிசகாமல் பொருந்தச் செய்த சகோதரர்களின் கைவண்ணம் பிற நாட்டுப் பத்திரிகைகளிலும் பேசப்பட்டது. அந்தத் தொழிலாளர்களை முன்னிறுத்தி, சென்னையில் கைவேலையாகச் செய்தது என்று கம்பெனியே ஒரு காலத்தில் விளம்பரம் செய்தது. ஓட்டியவர்களின் சாட்சி லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. வார்ப்படச் சாலையின் வெக்கையில் நின்றவர்கள், என்ஜின் பூட்டியவர்கள், சோதனைக்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் முதல் ஓட்டம் ஓட்டிப் பார்த்தவர்கள், ஆலைச் சங்கு ஊதியதும் சைக்கிளில் வீடு திரும்பியவர்கள் ஆகியோரின் சாட்சி மிகச் சொற்பமாகவே பதிவாகியிருக்கிறது. உற்பத்தியின் பெரும்பகுதி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. 1950-களில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் இன்று இருப்பவர் சிலர்.

ஆகையால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் வாலிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவிலோ வீட்டிலோ அந்த ஆலையில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரே உட்கார்ந்து, எந்த வருஷம் சேர்ந்தார், எந்தப் பிரிவில் இருந்தார், முதல் மாதச் சம்பளம் என்ன, எந்த வேலையைக் கையால் செய்தார் என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு அவர் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து, அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.